மலருக்கு ஒரு மேடு

வியாழன், காலை 5.40. கிள்ளான்.

சைக்கிளைக் காரின் பின்னால் கட்டி முடித்தபோது மலர் வாசலுக்கு வந்தாள். "பாத்து, நல்ல மேடா புடிச்சிட்டு வாங்க" என்றாள். மீன் வாங்கி வரச் சொல்லும்போது வருகிற அதே குரல்தான். தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

மலர் என் மனைவி. வயது நாற்பத்து நான்கு, எடை ஐம்பத்திரண்டு கிலோ. வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். ஆறு வருடங்களுக்கு முன் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, மருத்துவர் சொன்னார் என்று மெதுவாக ஓட்ட ஆரம்பித்தவள், இன்றைக்கு எந்த மேட்டைக் கண்டாலும் நின்று இரண்டு கண்ணாலும் அளக்கிறாள். நான் ஒரு பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளர், எடை எண்பத்து நான்கு. எனக்குச் சமதரைதான் ஒத்துவரும். மேட்டில் என் வயிறு எனக்கு முன்னால் போய்விடும், நான் பின்னால் வந்து சேர்வேன்.

அவள் செய்ய நினைப்பது இதுதான். ஏதாவது ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்து, அதே மேட்டில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஏறிய உயரமெல்லாம் சேர்ந்து எவரெஸ்ட் சிகரத்தின் உயரமான 8,848 மீட்டரைத் தொட வேண்டும். இடையில் தூங்கக் கூடாது. ஏறிய வழியிலேயே இறங்க வேண்டும். எந்த மேடு என்பது ஓட்டுகிறவரின் விருப்பம். உலகம் முழுக்க இதைச் செய்கிற பைத்தியங்கள் இருக்கிறார்கள், எங்கள் வீட்டில் ஒன்று.

போன வருடம் உலு லங்காட் பக்கம் ஒரு மேட்டில் முயன்றாள். மேட்டைத் தேர்ந்தெடுத்தவன் நான். அட்டவணை போட்டு, கணக்குப் பார்த்து, செங்குத்தாக இருந்தால் மொத்த தூரம் குறையும் என்று கண்டுபிடித்துக் கொடுத்தேன். 5,900 மீட்டரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "போதுங்க" என்றாள். வீடு வரும்வரை காரில் வேறொன்றும் பேசவில்லை. கால் ஒத்துழைக்கவில்லை என்று எல்லோரிடமும் நான்தான் சொன்னேன்.

இந்த வருடம், "இன்னொரு தடவ பாக்குறேன், அதுக்கு மேல கெடையாது" என்று சொல்லிவிட்டாள். கல்யாண ரவிக்கைகள் குவிந்து கிடப்பதால் அவளால் வர முடியவில்லை. கேமரன் மலையில் மூன்று நாள் சுற்றி மேட்டை முடிவுசெய்யும் வேலை மறுபடியும் என் தலையில். இரண்டாவது தடவையும் தப்பான மேட்டைக் காட்டினால் அத்தோடு அவள் ஆசை முடிந்தது. பள்ளி விடுமுறை நாளில் ஒரு மனிதன் இப்படி ஒரு பொறுப்பைச் சுமந்துகொண்டு மலையேறுவது நியாயமில்லை.

காலை 10.20. கம்போங் ராஜா.

தாப்பா வழி எனக்குப் பக்கம்தான். ஆனால் அந்த வளைவுகளில் பின்னால் சைக்கிளோடு போக மனமில்லாமல் சிம்பாங் பூலாய் வழியாக வந்தேன். நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பிய இடத்திலிருந்து கம்போங் ராஜா வரை என் கார் மீட்டரில் ஐம்பத்தேழு கிலோமீட்டர். அகலமான சாலை, நடுவில் இரண்டு இடத்தில் மண் சரிந்து ஒரு பக்கம் மூடியிருந்தார்கள். காது அடைத்துத் திறந்தது. கண்ணாடியை இறக்கினால் குளிரும் கோழி எருவின் வாடையும் சேர்ந்தே உள்ளே வந்தன.

கேமரன் மலை என்றால் பச்சைத் தேயிலை என்று நினைத்து வருகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது வெள்ளை பிளாஸ்டிக்தான். மலைச்சரிவெல்லாம் கூடாரம், உள்ளே தக்காளியும் குடைமிளகாயும் சாமந்திப்பூவும். திரிங்காப்பில் முட்டைக்கோஸ் லாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அது ஒதுங்கும்வரை பக்கத்துக் கடையில் உட்கார்ந்தேன். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் ஒன்று 1 ரிங்கிட் 80 சென், நுரைக்க ஆற்றிய தேநீரான தே தாரிக் 2 ரிங்கிட் 50 சென்.

கடைக்காரர் தமிழ் முஸ்லிம், ஐம்பது வயதிருக்கும், எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டார்கள். சைக்கிளைப் பார்த்துவிட்டு வந்தார்.

"பசியாறுங்க. சைக்கிள்ல எது வரைக்கும் போறீங்க?"

"எங்கயும் போகல பாய். ஒரே மேட்டுல ஏறி எறங்கணும். அம்பது தடவைக்கு மேல."

"நீங்களா?" என் வயிற்றைப் பார்த்தார்.

"என் சம்சாரம்."

"மேல ஏதும் சாமான் எடுக்கப் போறாங்களா?"

"இல்ல பாய். சும்மா ஏறுறதுதான்."

அவர், "எங்க வீட்டுல மாடிக்கு ரெண்டு தடவ ஏறச் சொன்னா சண்டைக்கு வருதுலா" என்று சொல்லிவிட்டு, இன்னொரு ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். காசு வாங்கவில்லை. மலருக்காக என்று நினைக்கிறேன்.

பிற்பகல் 2.30. பிரிஞ்சாங்.

என் பட்டியலில் முதல் மேடு, பிரிஞ்சாங் மலையுச்சிக்குப் போகும் சாலை. வரைபடத்தில் பார்த்தால் அழகு. நேரில் பார்த்தால் விடுமுறைக் கூட்டம். ஒரு கார் போகிற அகலத்தில் இரண்டு பக்கமும் கார்கள் முகத்தோடு முகம் வைத்து நின்றன. சுற்றுலாக்காரர்களை ஏற்றிய பழைய ஜீப்புகள் ஓரத்துப் புல்லில் ஏறிக் கடந்தன. முக்கால் மணி நேரத்தில் எழுநூறு மீட்டர் போனேன், அதுவும் பாதி தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. ஒரு சிறுமி கார் சன்னல் வழியாக எனக்கு ஸ்ட்ராபெரி நீட்டினாள். வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினேன். அந்த மேட்டைப் பட்டியலிலிருந்து அடித்தேன்.

தானா ராத்தாவில் அறை ஓர் இரவுக்கு 95 ரிங்கிட். சுடுநீர் உண்டு, சன்னலுக்கு வெளியே சுவர் உண்டு.

வெள்ளி, காலை 8.00. ரிங்லெட் பக்கம் ஒரு தோட்டம்.

தோட்டத்தின் பெயரை எழுதவில்லை, மேனேஜரிடம் அதற்கு நான் அனுமதி கேட்கவில்லை. இரண்டு நாள் சைக்கிள் ஓட்டிப் பார்க்க மட்டும் முன்பே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கியிருந்தேன். வாயில் காவலர் என் பெயரை எழுதிக்கொண்டு உள்ளே விட்டார்.

கீழே தேயிலை ஃபேக்டரி. அங்கிருந்து மலை உச்சியில் உள்ள கொழுந்து நிறுக்கும் கொட்டகை வரை தார் போட்ட ஒரு சாலை. நீளம் 1.6 கிலோமீட்டர், ஏற்றம் 168 மீட்டர், ஒன்பது வளைவுகள். ஐம்பத்து மூன்று தடவை ஏறினால் எவரெஸ்ட். மொத்தம் 170 கிலோமீட்டர்தான். அதே கொட்டகைக்கு மலையைச் சுற்றிப் போகும் பழைய சாலை ஒன்றும் உண்டு. 3.1 கிலோமீட்டர், அதே 168 மீட்டர். அதில் போனால் மொத்தம் 329 கிலோமீட்டர் வரும். மடத்தனம் என்று வீட்டிலேயே சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

நீளம் குறைந்த அந்தக் குட்டைச் சாலையில் முதல் முறை ஏறினேன். ஏறினேன் என்பது பெருமைக்காகச் சொல்வது, மூன்று இடத்தில் நின்றேன். நின்ற இடமெல்லாம் தேயிலை. சீவிவிட்ட தலைபோல் மலை முழுக்க வரிவரியாக இறங்கியது. கொழுந்து இப்போது கையால் கிள்ளுவதில்லை. இரண்டு பேர் வரிசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஒரு வெட்டும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், பின்னால் நீளமான பை ஊதிக்கொண்டே வருகிறது. வங்காளதேசத்துப் பிள்ளைகளும் நேப்பாளிகளும்தான் அதிகம். எனக்குக் கையசைத்தார்கள். மூச்சு வாங்கியதால் தலையை மட்டும் அசைத்தேன்.

சாலை அருமையாக இருந்தது. குழி இல்லை, கூட்டம் இல்லை, உச்சியில் நிழல் இருந்தது. மலருக்கென்றே வெட்டிய மேடு என்று மனம் துள்ளியது. உச்சியில் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்று அவளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "கிடைத்துவிட்டது" என்று எழுதினேன். அவள் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாள்.

ஒரு விஷயம் மட்டும் விளங்கவில்லை. கொழுந்து ஏற்றப் போகும் பச்சை லாரி என்னைக் கடந்து மேலே போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மேலே போனது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மூன்றாவது முறையும் மேலே போனது. ஒரு முறைகூட அது கீழே வந்து நான் பார்க்கவில்லை.

பிற்பகல் 1.10. அதே இடம்.

ஐந்தாவது இறக்கம் முடிந்து கீழே ஃபேக்டரிக்கு எதிரே இருந்த சிறு பாலத்தின் கட்டையில் உட்கார்ந்தேன். தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினேன். வலது கட்டைவிரல் வழுக்கியது. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் திருகினேன். விரல்கள் மூடிமேல் இருப்பது தெரிந்தது, அழுத்தம்தான் வரவில்லை. இடது கையும் அப்படியே. கடைசியில் பல்லால் கடித்துத் திறந்தேன்.

ஒன்பது வளைவு. மேலிருந்து கீழ்வரை இரண்டு பிரேக்கையும் பிடித்த பிடி விடாமல் வந்திருக்கிறேன். ஐந்து தடவைக்கே கை இப்படி.

அப்போதுதான் உறைத்தது. போன வருடம் மேட்டின் உச்சியில் மலர் என்னிடம் பாட்டிலை நீட்டி, "தொறந்து குடுங்க" என்றாள். அடுத்த முறையும் நீட்டினாள். அதற்கடுத்த முறையும். நண்பர்கள் நான்கு பேர் நின்றிருந்தார்கள். "மகாராணிக்கு மூடி தொறக்க ஒரு சேவகன்" என்று அவர்களைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் அவள் துணி வெட்டவில்லை. "மிஷின் சரியில்ல" என்றாள். நான் மிஷினைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டேன். எண்ணெய் போட்டதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

அவளுக்குக் கால் ஓயவே இல்லை. நான் கொடுத்த மேடு அவள் கையைத் தின்றுவிட்டது. தையற்காரியின் கை. இன்றைக்கு மறுபடியும் அதே மாதிரி மேட்டைப் பிடித்து, கிடைத்துவிட்டது என்று படம் வேறு அனுப்பியிருக்கிறேன். பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். எதிரே ஃபேக்டரியில் யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் ஏற்றம் தாங்காமல் அழுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

பிற்பகல் 2.00.

பச்சை லாரி ஃபேக்டரி முற்றத்துக்குள் வந்து நின்றது. மூட்டை மூட்டையாகக் கொழுந்து. ஆனால் குட்டைச் சாலை வழியாக வரவில்லை, கட்டடத்தின் பின்பக்கமாக வந்தது. ஓட்டுநர் இறங்கினார். பெயர் சேகரன், நாற்பது வயது, இதே தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். காலையிலிருந்து நான் திணறுவதைப் பார்த்துக்கொண்டே கடந்து போனவர்.

"என்ன அண்ணே, முடிஞ்சிருச்சா?"

"லாரி மேல போறத மட்டும்தான் பாக்குறேன். எப்படி வர்றீங்க?"

"காலி லோரின்னா இப்படி ஏறிருவேன், சீக்கிரம் போலாம். லோட் ஏத்திட்டா இதுல எறங்க மாட்டோம்லா. பழைய ரோட்ட சுத்திதான் வருவேன்."

"தூரம் அதிகமாச்சே?"

"தூரம் கெடக்கட்டும் அண்ணே. இதுல லோடோட வந்தா ஒம்போது முடக்கிலயும் பிரேக்க அமுக்கிக்கிட்டே வரணும். அஞ்சு நடைக்கு மேல பிரேக் சுட்டு வாட வரும். எங்க அப்பா காலத்துலயே அப்படித்தான். ஏறுறது ஒரு ரோடு, எறங்குறது ஒரு ரோடு."

சிவப்பு மையால் நான் அடித்த சாலை அது. கை போச்சா என்பதுபோல் அவர் என் கையைப் பார்த்தார். நான் விரல்களை மடக்கி மடக்கிப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"வாங்க, அடுத்த நட என்கூட வந்து பாருங்க" என்றார்.

சைக்கிளை ஃபேக்டரிச் சுவரில் சாய்த்துவிட்டு லாரியில் ஏறினேன். மேலே மூட்டைகளை ஏற்றியதும் பழைய சாலையில் இறங்கினோம். சேகரன் இரண்டாவது கியரில் போட்டுவிட்டு, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தார். மகள் ஈப்போவில் நர்சிங் படிக்கிறாளாம். துரை ரொம்ப நல்லவராம். துரை என்றதும் யாரோ வெள்ளைக்காரர் என்று நினைத்தேன், முப்பத்தைந்து வயது மலாய்க்கார மேனேஜரைத்தான் சொல்கிறார். சேகரன் பிரேக்கைத் தொட்டதை எண்ணிக்கொண்டு வந்தேன். கீழே வரும்வரை நான்கே நான்கு தடவை.

மாலையில் அதே சாலையில் சைக்கிளில் இரண்டு முறை. சனிக்கிழமை காலை ஆறு முறை. என் கனத்துக்கு இறக்கம் ஒன்றுக்கு ஆறு தடவை பிரேக் பிடித்தேன், மற்ற நேரமெல்லாம் விரல்கள் சும்மா இருந்தன. எட்டாவது இறக்கம் முடிந்து பாட்டில் மூடியைத் திருகிப் பார்த்தேன். திறந்தது.

சனி, காலை 11.20.

மலர் பழைய சாலையில் ஓட்ட அனுமதி கேட்டேன், மேனேஜர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். மற்ற நேரத்தில் ஒற்றை லாரிதான், ஆனால் காலை பதினொன்றுக்கும் பிற்பகல் மூன்றரைக்கும் கொழுந்தை எடை போட்டு எல்லா லாரிகளும் வரிசையாக இறங்கும். அப்போது அரை மணி நேரம் பழைய சாலையில் வேறு யாரும், சைக்கிள்கூட, போகக் கூடாது. அது தோட்டத்துப் பழக்கம், விருந்தாளிக்காக மாற்ற முடியாது. என் அட்டவணைப்படி அது ஒரு மணி நேர நஷ்டம். முந்தாநாள் என்றால் வாதாடியிருப்பேன். இப்போது, அந்த ஒரு மணி நேரம் அவள் கைக்கு ஓய்வு என்று தோன்றியது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

தொலைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது கொட்டகைப் பக்கம் மட்டும்தான். அங்கே நின்று மலரை அழைத்தேன். பின்னால் தையல் மிஷின் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

"மேடு மாத்திட்டேன். நேத்து அனுப்பிச்சது வேணாம்" என்றேன். "இது சுத்துவழி. 329 கிலோமீட்டர். மூணு மணி நேரம் அதிகமாகும்."

"எதுக்கு மாத்துனீங்க?"

சொன்னேன். பாட்டில், மகாராணி, மிஷினுக்குப் போட்ட எண்ணெய், எல்லாவற்றையும். "கால் போகல மலர், கைதான் போச்சு. எனக்கு இப்பதான் தெரியுது" என்றேன்.

மறுமுனையில் கத்தரிக்கோலை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

"அப்பறம் ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? கையவிட சைக்கிளு முக்கியமான்னு கேட்டு, மறுநாளே வித்துட்டு வந்திருப்பீங்க. காலுன்னு நீங்களே சொல்லிக்கிட்டீங்க, நானும் விட்டுட்டேன்."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. நிச்சயமாக விற்றிருப்பேன். அவள் நல்லதுக்குத்தான் என்றும் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரு வருடமாக அவள் தோற்றதாக ஊரெல்லாம் சொன்னதை, அடுத்த வாய்ப்புக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள்.

"இப்ப விக்கச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் மிஷின் இன்னும் ஓடவில்லை.

"இல்ல" என்றேன். "இந்த மேட்டுல எட்டுத் தடவ எறங்கிட்டேன். கை நல்லா இருக்கு. நீ ஏறலாம்."

"ஏறுறது நான் பாத்துக்கறேன். போன தடவ பூரா நீங்க மேலயே நின்னு கை தட்டுனீங்க. இந்தத் தடவ கீழ நில்லுங்க. எறங்கி வந்து நிக்கும்போதுதாங்க எனக்கு ஆள் வேணும்."

சரி என்றேன். அவள் போனை வைத்தாள், துணி நிறையக் கிடக்கிறதாம்.

பிற்பகல் 1.00. புறப்பாடு.

கிள்ளானில் எங்களுக்குத் தெரிந்த பெரிய ஏற்றம் ரயில் பாதைக்கு மேலே போகும் மேம்பாலம்தான். அதில் ஏறி முடித்ததும் இறக்கம் தானாக வரும், யாரும் அதை எண்ணுவதில்லை. தட்டையான ஊரிலிருந்து வந்தவன் மலைக்கு வந்தும் ஏற்றத்தை மட்டுமே அளந்துகொண்டிருந்ததில் ஆச்சரியம் இல்லை. இரண்டு வாரத்தில், விடுமுறை முடிந்து கூட்டம் வடிந்த ஒரு வியாழக்கிழமை, நாங்கள் இருவரும் இங்கே வருவோம்.

தாப்பா வழியாகவே திரும்பலாம் என்று சைக்கிளைக் காரில் கட்டினேன். கட்டிய பிறகும் கிளம்ப மனம் வரவில்லை. பழைய சாலை ஃபேக்டரிக்குப் பின்னால் வந்து முடியும் இடத்துக்கு நடந்து போனேன். அவள் வேகம் குறைந்து நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்று காலடியால் அளந்தேன், முப்பத்தெட்டு அடி. லாரிக்கு இடைஞ்சல் இல்லாமல், காலை வெயில் படாமல், வளைவில் திரும்பும்போதே அவளுக்கு நான் தெரிகிற மாதிரி ஓர் இடம் பார்த்தேன். ஒரு கல்லைத் தூக்கி அங்கே போட்டேன். அந்த வழியாக லாரியில் வந்த சேகரன் தலையை நீட்டி, என்ன செய்கிறேன் என்று கேட்டார்.

"நான் நிக்க வேண்டிய எடம்" என்றேன்.